“என் குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ?”

மனநல மருத்துவரான எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் 27 வயதுப் பெண். கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறார். பெண் குழந்தை. இப்போது நான்கு மாதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. நாற்பது நாள் கழிந்து முதன்முதலாக அடுப்படிக்குப் போன அன்று, அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை எதிரே பாயில் கை காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. ‘இதில் குழந்தையை வைத்துவிட்டால்?’ என்று ஓர் எண்ணம் திடீரென்று வந்தது. காட்சியாகவே கண்ணுக்கு முன்னால் ஓடியது. நறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, பின்கட்டில் போய் நின்று அழுதார்.

அன்றிலிருந்து அரிவாள்மனை அரிசி டிரம்முக்குப் பின்னால். கத்தியும் கத்தரிக்கோலும் பீரோவுக்குள், சாவி அம்மாவிடம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது முகத்தில் தண்ணீரை ஊற்றி மூச்சை நிறுத்திவிடுவேனோ என்று பயந்து, அதையும் அம்மாவிடமே விட்டுவிட்டார். குழந்தையோடு மொட்டை மாடிக்குப் போவதில்லை. எண்ணம் வந்ததும் ‘முருகா’ என்று 21 முறை சொல்கிறார். நடுவில் மறுபடி அது வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். இரவானால் கணவருக்குப் போன்: “நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?” அவர் சமாதானம் சொல்வார். கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் மறுபடி போன். பெற்ற குழந்தையைக் கொன்ற தாய்மார்கள் பற்றிய செய்திகளை நடு இரவில் தேடித் தேடிப் படித்து, அவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறார், மந்திரிக்கவும் கூட்டிப்போயிருக்கிறார். தூக்கம் வரவில்லை என்று சொல்லி மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் சில நாள் போட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: நான் கொலைகாரியா? மனநல மருத்துவரிடம் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களா, போலீஸுக்குச் சொல்வார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா, வாழ்நாள் முழுக்க விட முடியாதா? குணமாகும்வரை குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கணவர் வீட்டுக்குப் போய்விடட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயையே காட்டுகிறது. ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பதுதானே, எனக்குச் சுத்தப் பிரச்சினை எதுவும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கை கழுவுவது இந்த நோயின் ஒரு வடிவம் மட்டும்தான். யாருக்காவது தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம், சாமி படத்தைப் பார்த்ததும் வரும் அசிங்கமான எண்ணம், வண்டியில் யாரையாவது இடித்துவிட்டு வந்துவிட்டோமோ என்ற சந்தேகம், காமம் சார்ந்த வெட்கப்படவைக்கும் நினைப்பு எல்லாமே இதன் வடிவங்கள்தான். வெளியே தெரியாத வடிவங்கள் என்பதால் இவர்கள் சிகிச்சைக்கு வருவதற்கே வருடக்கணக்காகிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் புதிதாகத் தொடங்குவதும், பழையது தலைதூக்குவதும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று.

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், முக்கியமில்லாததுபோல ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரி விடுதியில் இருந்தபோது அறையைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். தேர்வு நாட்களில் அது ஏழெட்டுத் தடவைகூட நடக்கும் என்று. எனக்கு அதுதான் பெரிய துப்பு. அன்று பூட்டைப் பற்றிக் கேட்ட அதே சந்தேகம், இன்று உங்களுக்கு உலகத்திலேயே அருமையான ஒன்றைப் பற்றிக் கேட்கிறது. ஓசிடி அப்படித்தான் இடம் பார்த்து உட்காரும். பக்திமானுக்குச் சாமியைப் பற்றி வரும். நேர்மையானவருக்குத் திருட்டைப் பற்றி வரும். தாய்க்குக் குழந்தையைப் பற்றி வரும்.

எண்ணம் வருவது வேறு, செய்வது வேறு

‘நல்ல தாய்க்கு இப்படி ஓர் எண்ணம் வருமா?’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரும். 1978-இல் லண்டனில் ஸ்டான்லி ரக்மன், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் அவர்களுக்கு வரும் வேண்டாத எண்ணங்களைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். சுமார் 80 சதவீதம் பேருக்கு அப்படி எண்ணங்கள் வந்திருந்தன. ரயில் வரும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால், கையில் இருப்பதைக் கொண்டு குத்திவிட்டால் என்கிற மாதிரி எண்ணங்கள். அவற்றையும் ஓசிடி உள்ளவர்கள் சொன்ன எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. 2014-இல் 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில் இந்த எண்ணிக்கை சுமார் 94 சதவீதம். புதிதாகக் குழந்தை பெற்ற தாய்மார்களை மட்டும் வைத்து 2008-இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு, தாங்களே வேண்டுமென்று குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோன்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தது. உங்கள் தெருவில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களில் பலருக்கும் இது வந்து போயிருக்கும். யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள், ‘சே, என்ன நினைப்பு இது’ என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நீங்கள், ‘இது வந்ததென்றால் எனக்குள் ஏதோ இருக்கிறது’ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள். நினைத்துவிட்டால் பாதி செய்தமாதிரி என்ற ஒரு நம்பிக்கை உங்களுக்குள் இருக்கிறது. அதுதான் தவறு. உங்களுக்குக் குமட்டுகிறது, கை நடுங்குகிறது, அழுகை வருகிறது. அந்த எண்ணம் உங்கள் விருப்பத்துக்கும் குணத்துக்கும் நேர் எதிராக இருப்பதால்தான் உடம்பு இப்படி அலறுகிறது. ஓசிடியில் வரும் இந்த வகை எண்ணத்தால் ஒருவர் குழந்தைக்குத் தீங்கு செய்யும் ஆபத்து கூடுவதாக நமக்கு எந்தச் சான்றும் இல்லை.

இரவில் நீங்கள் தேடிப் படிக்கும் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்களின் பின்னணியில் என்ன இருந்தது, சிகிச்சை இல்லாத மனச்சிதைவா, கடும் மனச்சோர்வா, வீட்டில் அடியும் உதையுமா என்று இரண்டு பத்திச் செய்தி உங்களுக்குச் சொல்லாது. அதில் உங்களைத் தேடினால் எதையாவது ஒன்றை ஒட்டவைத்துக்கொள்ளத்தான் முடியும். ‘அவளுக்கும் 27 வயது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாதிரி.

நோயை வளர்ப்பது எது

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். 1987-இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் செய்த சோதனையும் இதையே காட்டியது. ஒன்றை நினைக்கக்கூடாது என்று முனைந்தவர்களுக்கு, அப்புறம் அந்த நினைப்பு கூடுதலாகவே வந்தது. இது மனித மனத்தின் இயல்பு. உங்கள் பலவீனம் அல்ல.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அரிவாள்மனையை ஒளித்தபோது என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பயம் சட்டென்று இறங்கியது. அந்த நிம்மதி உண்மையானது. ஆனால் உங்கள் மூளை அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன? ‘ஒளித்ததால்தான் குழந்தை பிழைத்தது.’ அதனால் அடுத்த நாள் கத்தி. அப்புறம் கத்தரிக்கோல். அப்புறம் குளியல், மொட்டை மாடி. ஒவ்வொரு தடவை நீங்கள் பின்வாங்கியபோதும் பயம் ஓர் அடி முன்னால் வந்திருக்கிறது. கடைசியில் அது குழந்தையையே உங்கள் மடியிலிருந்து எடுக்கச் சொல்கிறது.

21 முறை முருகன் பெயரைச் சொல்வதும், கணவரிடம் கேட்பதும், செய்திகளோடு ஒப்பிடுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உங்களுக்கு வேண்டியது நூற்றுக்கு நூறு உறுதி. ‘ஒருபோதும் செய்யமாட்டேன்’ என்று ஒரு முத்திரை குத்திய சான்றிதழ். உலகத்தில் யாருக்கும் எதைப் பற்றியும் அது கிடைக்காது. மற்றவர்கள் அது இல்லாமலேயே வாழ்கிறார்கள். நீங்கள் கேட்கக் கேட்க, பதிலால் கிடைக்கும் நிம்மதியின் நேரம் குறைந்துகொண்டே வரும். முதலில் அரை நாள் தாங்கியது இப்போது பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடுவது உங்கள் பக்தி, அது தொடரட்டும். எண்ணத்தை ரத்துசெய்வதற்காக, எண்ணிக்கை தவறாமல், தவறினால் முதலிலிருந்து என்று பயந்து சொல்வது நோயின் சடங்கு. எதைச் செய்யும்போது மனம் லேசாகிறது, எதைச் செய்யும்போது மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே பிரித்துத் தெரியும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்திய ஒரு வரி

கொலை எண்ணங்களைப் பற்றி நீங்கள் ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவை என்னைப் பயமுறுத்தவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், ‘நான் இல்லாமல் போய்விட்டால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது’ என்று ஒரே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டு, அதன் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஓசிடியோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது சாதாரணம். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் சாதாரணம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த எண்ணம் மறுபடி வந்தால், அதுவும் எப்படி, எப்போது என்ற அளவுக்குப் போனால், அந்த நிமிடமே அம்மாவிடமோ கணவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இரவு என்று பார்க்காமல் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சிதைவு என்பது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். இரண்டு மூன்று நாள் தூங்காமலேயே துறுதுறுவென்று இருப்பது, காதில் குரல் கேட்டு அது கட்டளையிடுவது, குழந்தைக்குள் தீய சக்தி புகுந்துவிட்டது என்றோ இது என் குழந்தையே அல்ல என்றோ உறுதியாக நம்புவது, நாள் கிழமை தெரியாமல் குழம்புவது ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தப் பெண்களுக்குத் தங்கள் எண்ணம் தவறு என்றே தோன்றாது. அது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இதைப் படித்துவிட்டு, ‘எனக்கும் குரல் கேட்கிறதோ’ என்று இன்று இரவு சோதித்துப் பார்க்கத் தோன்றும். அதுவும் ஓசிடிதான். சோதிக்காமல் விடுங்கள்.

சொன்னால் குழந்தையைப் பிரிப்பார்களா?

மாட்டார்கள். வேண்டாத எண்ணம் வருகிறது என்று ஒரு தாய் சொன்னால், போலீஸைக் கூப்பிடுவது எங்கள் வேலை இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆவது பிரிவில், நீங்கள் மருத்துவரிடம் சொல்வது ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. மற்றவருக்குத் தீங்கு நேராமல் தடுக்க வேண்டிய நிலையில் விதிவிலக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட நிலையையும், தன் எண்ணத்தைக் கண்டு தானே நடுங்குகிற ஒரு தாயையும் பிரித்தறிவதுதான் எங்கள் படிப்பு. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகவே சேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் நிலைக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவை அநேகமாக வராது.

‘இதை வைத்து என்னை விவாகரத்து செய்துவிட்டால்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் மனநோய் இருக்கிறது என்பது மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தினமும் இரவு அந்தப் போனை எடுத்து, அலுக்காமல் பதில் சொல்லும் ஒரு கணவரைப் பற்றி நீங்கள் இப்படிப் பயப்படுவதும் அந்தச் சந்தேகத்தின் வேலைதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சிகிச்சை எப்படி இருக்கும்

எதிர்கொள்ளல் பயிற்சி என்பதுதான் இந்த நோய்க்கான முக்கியமான உளவியல் சிகிச்சை. பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது, ஆனால் பயத்தைத் தணிக்கும் சடங்கை மட்டும் செய்யாமல் இருப்பது, இவ்வளவுதான் அதன் அடிப்படை. 1966-இல் விக்டர் மேயர் லண்டனில் இரண்டு நோயாளிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை செய்து எழுதும்வரை, ஓசிடியைக் குணப்படுத்துவது மிகக் கடினம் என்றே பல மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். இன்று இதை முறையாக முடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது.

உங்கள் விஷயத்தில் இது எப்படி இருக்கும்? சிகிச்சையாளர் உங்களோடு உட்கார்ந்து, எது குறைந்த பயம், எது அதிகப் பயம் என்று ஓர் ஏணி போடுவார். முதல் படி, அரிவாள்மனையை டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து அடுப்படியில் பழைய இடத்தில் வைப்பதாக இருக்கலாம். எடுத்து வைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். முருகன் பெயரை எண்ணிக்கையோடு சொல்லக்கூடாது, கணவருக்குப் போன் கூடாது, வேறு நினைப்புக்கு ஓடவும் கூடாது. எண்ணம் வந்தால் வரட்டும். ‘வந்திருக்கிறது, இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டு நிற்க வேண்டும். பயம் ஏறும், ஓர் இடத்தில் நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாக வடியும். சில நாள் முழுசாக வடியாமலும் போகலாம். வடியாவிட்டாலும் தோல்வி இல்லை. பயத்தோடேயே நிற்க முடிகிறது, நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை பார்த்துவிட்டால் போதும். அடுத்து, குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்போது காய் நறுக்குவது. அப்புறம் குழந்தை அதே அறையில், அம்மாவும் கூட இருக்க. அப்புறம் அம்மா இல்லாமல். குளியலும் அப்படியே: முதலில் அம்மா குளிப்பாட்ட நீங்கள் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுப்பது, அப்புறம் உங்கள் காலில் குழந்தை, ஊற்றுவது அம்மா, அப்புறம் முழுக்க நீங்கள். இதையெல்லாம் ஒரே நாளில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர் ஒருவர் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை உங்களுக்கு இருக்கும் தகவல்களில் பாதி தவறு. ஓசிடிக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸமின் போன்றவை போதை மாத்திரைகள் அல்ல. இன்னும் இன்னும் என்று கேட்கத் தூண்டாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும் என்பதால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், படபடப்பு, வயிற்றுப்போக்கு இருக்கலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படலாம். பலர் மூன்றாம் வாரமே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம் தரும் விஷயம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஓரிரு வருடம் தொடரச் சொல்வோம்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ராலின் பாலில் மிகக் குறைந்த அளவுதான் கலக்கிறது. பாலூட்டும் தாய்மார்களுக்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் யோசிக்கும் மருந்து அது. குழந்தையின் எடை, பிறந்த மாதக் கணக்கு எல்லாம் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மாறாக, மெடிக்கலில் கேட்டு வாங்கிய அந்தத் தூக்க மாத்திரைதான் பழக்கமாகக்கூடியது. பால் வழியாகப் போய்க் குழந்தையைச் சோர்ந்துபோக வைக்கவும் கூடியது. மருத்துவர் சொல்லாமல் மறுபடி அதை வாங்காதீர்கள். தைராய்டும் ரத்தச் சோகையும் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனையும் செய்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வருவது உண்டு. படபடப்பையும் சோர்வையும் அது கூட்டிக் காட்டும்.

பயிற்சி மட்டும் போதுமா, மருந்தும் வேண்டுமா என்றால், உங்கள் தூக்கம், மனச்சோர்வு இரண்டையும் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துத் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பயிற்சி தரத் தெரிந்த உளவியலாளர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதற்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று அங்கே விசாரித்தால் சொல்வார்கள்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாமா?

போகாதீர்கள். உங்கள் கேள்விகளில் நான் சந்தேகமே இல்லாமல் பதில் சொல்வது இதற்குத்தான். தியாகம் என்று நினைத்து இதை யோசிக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அரிவாள்மனையை ஒளித்ததன் தொடர்ச்சிதான் இது. போனால் இரண்டு நாள் பயம் அடங்கும். அப்புறம், ‘பார், நீ விலகியதால்தான் பிழைத்தது’ என்று நோய் சொல்லும். திரும்பி வருவது ஒவ்வொரு வாரமும் கடினமாகும். பால் வற்றும். குழந்தை உங்கள் மணத்தையும் குரலையும் தேடும் மாதங்கள் இவை.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. கணவர் வீட்டுக்குத் திரும்புவதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். அம்மா கூட இருக்கட்டும். ஆனால் உங்களுக்குக் காவலாக அல்ல, ஓய்வு தருவதற்காக. இரவில் ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு, அம்மா பார்த்துக்கொள்ள, தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் இந்த எண்ணங்கள் பெருகும். பகலில் மடியில் போட்டுப் பால் கொடுப்பது, தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, பேச்சுக் கொடுப்பது, இவற்றை எண்ணம் வந்தாலும் வராவிட்டாலும் நீங்களே செய்யுங்கள்.

கண்ணேறு கழித்தது தவறில்லை. அம்மா தனக்குத் தெரிந்த வழியில் உங்களைக் காப்பாற்றப் பார்த்தார். அவரிடம் எண்ணத்தின் விவரம் எல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்லை. ‘பிரசவத்துக்குப் பிறகு எனக்குப் பயம் வருகிற ஒரு நோய் வந்திருக்கிறது, டாக்டரிடம் போக வேண்டும்’ என்று சொன்னால் போதும்.

உங்கள் கணவருக்கு

அவர் இந்தப் பகுதியைப் படிக்கட்டும். தம்பி, நீங்கள் தினமும் சொல்லும் ‘நீ செய்யமாட்டாய்’ அன்பினால் வருவது. ஆனால் அது இப்போது நோய்க்குத் தீனியாகிவிட்டது. பட்டென்று நிறுத்திக் கோபப்படுவதும் தவறு. இருவரும் முன்கூட்டியே பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ‘இது அந்தக் கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீ படும் கஷ்டம் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பாப்பா என்ன செய்தாள், சொல்லு.’ முதல் வாரம் உங்கள் மனைவி அழலாம், கெஞ்சலாம். அந்த நேரத்தில் போனை வைத்துவிடாமல் வேறு பேச்சோடு கூட இருங்கள். ‘பைத்தியம் மாதிரி பேசாதே’ என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். முடிந்தால் முதல் முறை மருத்துவரிடம் போகும்போது லீவு போட்டுக்கொண்டு கூடப் போங்கள்.

சகோதரி, மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். பேச வேண்டியதில்லை. எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருந்தால் அதையே நீட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோல வேண்டாத எண்ணங்கள் வருகின்றன, எனக்கு அதில் விருப்பம் இல்லை, பயந்து பொருள்களை ஒளிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறேன், கல்லூரி நாட்களிலேயே பூட்டைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தது, ஒரு நாள் நான் இல்லாமல் போகலாமா என்று தோன்றியது, பால் கொடுக்கிறேன், இந்தத் தூக்க மாத்திரை போட்டேன். அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். இந்த வாரத்துக்குள்ளேயே போங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டே போங்கள்.